பொடி டப்பாவுக்குள் போன மாத்திரைகள்

1

மதுரையை விட்டு நான் மெல்பர்ன் வந்து இந்த மாதத்தோடு ஏழு வருடம் முடிகிறது. இந்த ஏழு வருடத்தில் இந்த நாட்டைப் பற்றி நான் உறுதியாகத் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: இங்கேயும் படிவங்கள் இருக்கின்றன. நம் ஊரில் படிவத்தைத் திருப்பித் தரும்போது முறைப்பார்கள். இங்கே சிரிப்பார்கள். திருப்பித் தருவது என்னவோ இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

மாவட்டச் சுகாதாரத் துறை அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். பசுமலையில் படித்து, பசுமலையிலேயே வீடு கட்டி, அந்த வீட்டைப் பூட்டிவிட்டு மகன் அழைத்தான் என்று வந்தேன். மகன் நல்லவன். எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பு கைப்பேசியில் நாட்காட்டி அழைப்பு அனுப்புவான். நான் அதில் 'ஏற்கிறேன்' என்று அழுத்த வேண்டும். ஒருமுறை அழுத்த மறந்துவிட்டேன், அவன் வரவில்லை. பேத்திக்கு நான் சொல்வது முக்கால்வாசி புரியும். புரிந்ததற்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். புரியாததற்குத் தமிழில் "சரி தாத்தா" என்பாள்.

ஆகவே சனிக்கிழமைகளில் நான் நூலகத்துக்குப் போய்விடுகிறேன். அங்கே ஒரு மூலையில் எனக்கு ஒரு மேசை கொடுத்திருக்கிறார்கள். தமிழர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது என் வேலை. சம்பளம் இல்லை, அதிகாரம் உண்டு. இதற்கு மேல் ஓய்வு பெற்றவனுக்கு என்ன வேண்டும்?

அந்த மேசைக்கு வந்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. பெயரையும் சில அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன். அவரைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கண்ணே. எம்பேரு மட்டும் வேணாம்; வேற நல்ல பேரா வையுங்க" என்றார். ராஜாமணி என்று வைத்திருக்கிறேன்.

2

ராஜாமணி அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். திருமங்கலத்துக்குப் பக்கத்து ஊர். மகள் கவிதாவின் பிரசவத்துக்காக ஐந்து மாத விசாவில் வந்தவர். மருமகன் அவரை நூலகத்தில் இறக்கிவிட்டுக் காய்கறி வாங்கப் போயிருந்தார்.

"சார், ஏர்போட்ல எடுத்து வச்சுக்கிட்ட சாமானத் திருப்பிக் கேட்டா குடுப்பாகளா?"

"என்ன சாமான்?"

"பிள்ளப்பேத்துப் பொடிங்க. சுக்கு, மிளகு, ஓமம், அம்புட்டும் போட்டு இடிச்சது. பெரிய டப்பா."

இந்த நாட்டு விமான நிலையத்தில் விதை, தானியம், வீட்டில் இடித்த பொடி எதைப் பார்த்தாலும் பறித்துக்கொள்வார்கள். திரும்பி வராது, எரித்துவிடுவார்கள் என்றேன். இந்தியக் கடையிலேயே பிரசவ மருந்து கிடைக்கிறது, மருமகனிடம் சொன்னால் வாங்கித் தருவார் என்றும் சொன்னேன்.

அவர் எழுந்திருக்கவில்லை. முந்தானையின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"பொடி போனா போகுது சார். அதுக்குள்ள வேற ஒண்ணு இருந்துச்சு."

"நகையா?"

"நகைன்னா அழுதுட்டு விட்ருப்பேனே. மாத்திரை. தெனமும் ராத்திரி ஒம்போது மணிக்குப் போடுறது."

எனக்குப் பாதி புரிந்துவிட்டது. இருந்தாலும் அலுவலகப் பழக்கம் விடவில்லை. "மாத்திரை எங்கே வாங்குறீங்க? கடையிலயா, பெரியாஸ்பத்திரியிலயா?" என்று கேட்டேன்.

"பெரியாஸ்பத்திரிதான். அந்தப் பின்பக்கத்துக் கட்டடம். பேரு போட்ருக்க மாட்டாக, நம்பரு மட்டும் போட்ருப்பாகள்ல, அது."

அந்தக் கட்டடத்தின் கதவில் பெயர்ப்பலகை வேண்டாம் என்று முடிவான கோப்பு என் மேசை வழியாகத்தான் போனது. நான் மேலே ஒன்றும் கேட்காமல் தலையசைத்தேன். அவரும் தலையசைத்தார். எச்.ஐ.வி. என்ற சொல்லை நாங்கள் இருவரும் அன்று உச்சரிக்கவே இல்லை.

நடந்தது இதுதான். பயணத்துக்கு வேண்டிய மாத்திரைகளை அந்தக் கட்டடத்து மருந்து மையத்தில் மொத்தமாகவே கொடுத்திருக்கிறார்கள். கூடவே ஒரு கடிதமும், சிகிச்சைப் புத்தகத்தின் நகலும். அவற்றைக் கையில் வைத்திருந்தால் விமான நிலையத்தில் ஒருவரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் பெட்டியைத் திறந்து அடுக்கப்போவது மகள். மகளுக்குத் தெரியாது. ஆகவே கடிதத்தையும் புத்தகத்தையும் ஊரிலேயே ஒளித்துவைத்துவிட்டு, ஒரு மாத மாத்திரையைச் சத்து மாத்திரைக் குப்பியில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டார். மற்றதையெல்லாம் பாலித்தீன் பையில் சுற்றிப் பொடிக்குள் புதைத்தார். பிள்ளை பெற்றவளுக்கென்று இடித்த பொடியை ஆண்பிள்ளைகள் யாரும் கிளற மாட்டார்கள், மகளும் தானாக எடுத்துத் தின்ன மாட்டாள் என்பது கணக்கு. நம் ஊர் வீட்டுக்குள் அது பழுதில்லாத கணக்கு. இந்த நாட்டின் விமான நிலையம்தான் அதில் சேரவில்லை.

"அவுக டப்பாவத் தூக்கிப் போடயில ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"யாரு மூலமாச் சொல்றது? எனக்கு இங்கிலீசு தெரியாது. கூட வந்த அம்மாதான் பேசுனாக. அவுக எம்மருமகனோட சிநேகிதரைப் பெத்தவுக. அவுககிட்டச் சொன்னா மெல்பர்னுக்கே தண்டோராப் போட்ட மாதிரி."

"இப்ப கையில எத்தனை இருக்கு?"

"பதினொண்ணு."

மகளுக்கு வயிற்றைக் கிழித்துப் பிரசவம். பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மாத்திரைக்காக இப்போதே ஊர் திரும்பினால் தையல் ஆறாத மகளைக் கைக்குழந்தையோடு விட்டுவிட்டுப் போக வேண்டும். இருந்தால் பதினோரு நாளில் மருந்து நின்றுவிடும். இரண்டில் எது என்று கேட்கத்தான் வந்திருக்கிறார். மருமகன் வர இருபது நிமிடம் இருந்தது.

3

எனக்கு ஒரே ஒருவர் நினைவுக்கு வந்தார். அவரையும் பாத்திமா என்று சொல்லிக்கொள்கிறேன்.

மதுரைப் பழைய நகரத்துப் பெண். மருந்து மையத்தின் களப்பணியாளர். மாத்திரை வாங்க வர வேண்டிய நாளில் வராதவர்களின் பட்டியல் அவர் கைக்குப் போகும். பட்டியலில் இருப்பவர்களைத் தேடிப்போய்க் காரணம் கேட்டு மறுபடி அழைத்துவர வேண்டும். வேலை அவ்வளவுதான். எழுதினால் ஒரு வரி.

அந்தப் பாத்திமாவுக்கு நான் ஒருமுறை விளக்கம் கேட்டு மெமோ கொடுத்திருக்கிறேன். குற்றம்: பணி நேரத்தில் கிராமங்களில் சேலை வியாபாரம் செய்தது. யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள். மறுநாள் அவர் என் அறைக்கு ஒரு துணி மூட்டையோடு வந்து, மேசைமேல் வைத்து முடிச்சை அவிழ்த்தார். ஆறு சேலைகள்.

"சார், நான் ஒரு வீட்டுக்குப் போனா பக்கத்து வீட்ல யாரு வந்ததுன்னு கேப்பாங்க. ஆஸ்பத்திரின்னு சொன்னா அன்னிக்கே அந்தப் பொம்பளைக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். சீலைக்காரின்னா ஒருத்தரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. உள்ள கூப்பிட்டு உக்காரவச்சு அரை மணி நேரம் பேசலாம்."

"வியாபாரம் நடந்ததா, இல்லையா?" என்று கேட்டேன். மெமோவில் அந்தக் கேள்வி இருந்தது.

"ரெண்டு போச்சு சார். விக்க மாட்டேன்னா விட மாட்டேங்குறாங்க. உங்க வீட்டம்மாவுக்கு ஒண்ணு எடுத்துக்கறீங்களா?"

'விளக்கம் ஏற்கப்பட்டது' என்று எழுதிக் கோப்பை மூடினேன். இந்தத் திட்டத்துக்கு நான் ஆற்றிய பெருந்தொண்டு அந்த இரண்டு சொற்கள்தான். மற்றபடி அவரைப் போன்றவர்களின் வருடாந்திர ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கோப்பை என் மேசையில் தூங்கவிட்டவர்களில் நானும் ஒருவன்.

பொதுச் சுகாதாரம் என்றால் அப்போது எனக்குக் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கிணற்றில் குளோரின், சாக்கடையில் மருந்து, தெருவில் கொசுப்புகை. பாத்திமாவின் வேலையில் புகையும் இல்லை, வாசனையும் இல்லை. ஒரு பெண் மாத்திரையை ஒருநாளும் விடாமல் சாப்பிட்டால் அவள் உடம்பிலுள்ள கிருமி பரிசோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கிவிடுகிறது. அப்படி அடங்கியே இருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியாகக்கூட இன்னொருவருக்கு அது போவதில்லை. கர்ப்பிணியாக இருந்தால் பிள்ளை நல்லபடியாகப் பிறக்கிறது. ஆக, பாத்திமா ஒரு வீட்டில் அரை மணி நேரம் சேலையை விரித்துவைத்துப் பேசியதன் பலன், அந்தப் பெண்ணுக்கு மட்டுமல்ல, தனக்கு எதுவும் வராமல் போனது என்றே கடைசிவரை தெரியாத யாரோ சிலருக்கும் போய்ச் சேருகிறது. நடக்காமல் போன ஒன்றை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? நான் எல்லாப் பதிவேடும் பார்த்தவன். அதற்கு ஒரு பத்தி கிடையாது.

4

மதுரையில் அப்போது காலை ஆறு மணி. அடித்த இரண்டாவது மணியில் எடுத்துவிட்டார்.

"சார்! அஸ்ஸலாமு அலைக்கும். மெமோ எதும் பாக்கி இருக்கா?"

"இல்லம்மா. திருமங்கலம் பக்கத்து ராஜாமணின்னு ஒருத்தங்க..."

"எந்த ராஜாமணி? எனக்கு அப்படி யாரையும் தெரியாதே சார்."

எனக்குக் கோபம் வந்தது. இங்கே மாத்திரை போய்விட்டது, அவசரம், நான் யாரென்று தெரியாதா என்றேன்.

"நீங்க யாருன்னு நல்லாத் தெரியும் சார். ஆனா யாரு என்ன மாத்திரை சாப்பிடுறாங்கன்னு எனக்குத் தெரியாது. பக்கத்துல யாராச்சும் இருந்தா அவங்ககிட்டப் போனைக் குடுங்க. நீங்க கொஞ்சம் தள்ளிப் போய் உக்காருங்க."

என் அனுபவத்தில் விதியை இவ்வளவு அழகாக என்மேல் யாரும் பிரயோகித்ததில்லை. போனைக் கொடுத்துவிட்டு நாளிதழ் அடுக்கின் பக்கம் போய் நின்றேன். ராஜாமணி முதலில் அழுதார். பிறகு திட்டு வாங்கும் பிள்ளைபோல "ம்... ம்..." என்றார். அப்புறம் சிரித்துவிட்டார். திரும்பி வந்து போனைக் கொடுத்தபோது, "உங்ககிட்டச் சொல்லச் சொல்லி நான் சம்மதம் குடுத்துட்டேனாம். இப்பத்தேன் உங்ககிட்டப் பேசுவாகளாம்" என்றார்.

"சார், அவங்க இன்னும் நம்மூரு நேரத்துக்கே மாத்திரை போட்டுட்டு இருக்காங்க" என்றார் பாத்திமா. "அங்க நடுராத்திரி எந்திரிச்சு உக்காந்துக்கறாங்களாம். மக கேட்டா பிள்ளை அழுதுச்சுன்னு சொல்றது. எப்படி நேரத்தை மாத்தணும்னு டாக்டர்கிட்டக் கேட்டு நானே சொல்றேன். திங்கக்கிழமை சிகிச்சைக் கடிதம் வாங்கி அனுப்புறேன். ஆனா அவங்க போனுக்கு அனுப்ப மாட்டேன். அந்தப் போனை மக பாக்குது. உங்க போனுக்கும் அனுப்ப மாட்டேன். அங்க இருக்குற ஆஸ்பத்திரி மெயில் விலாசம் குடுங்க."

"இங்கே டாக்டரைப் பார்க்கவே மூன்று வாரம் ஆகும்மா."

"அதை நீங்க பாருங்க சார். நீங்க பார்க்காத ஆபீசா?"

அது பாராட்டா என்று தெரியவில்லை. அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

5

எந்த நாட்டு அலுவலகத்திலும் ஒருவர் வேலையைச் செய்துகொண்டிருப்பார்; மற்றவர்கள் அது எங்கே நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அந்த ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் நிர்வாகம். மருத்துவமனை வரவேற்பில் மூன்று வாரம் என்றார்கள். விசா வைத்திருப்பவருக்கு எந்தப் படிவம் என்றார்கள். நான் நான்கு முறை பேசி, ஐந்தாவது முறை ஒரு நர்ஸைப் பிடித்தேன். மாத்திரை எத்தனை மிச்சம் என்று பாத்திமா மாதிரியே முதல் கேள்வியாக அவர் கேட்டார். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். செவ்வாய்க்கிழமை மதுரைக் கடிதம் அவர்களுக்கு வந்துசேர்ந்துவிட்டது. என் நூலக அட்டை வர இரண்டு வாரம் ஆனது என்பதையும் இந்த இடத்தில் பதிவு செய்கிறேன்.

வெள்ளிக்கிழமை நானும் என் மனைவி லில்லியும் அவரை ரயிலில் அழைத்துப் போனோம். லில்லியிடம் ராஜாமணிக்கு ரத்தக்கொதிப்பு என்று சொல்லியிருந்தேன். கவிதாவிடம் ராஜாமணி, "சார் வீட்டம்மாவோட சாமி கும்பிடப் போறேன்" என்று சொல்லியிருந்தார். நாங்கள் தேவாலயம் போகிறவர்கள் என்பது கவிதாவுக்குத் தெரியும். "சர்ச்சுக்கா? வெள்ளிக்கிழமையா?" என்று கேட்டிருக்கிறாள். "சாமிக்குக் கிழமையெல்லாம் உண்டா?" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

ரயிலில் லில்லி கண்ணயர்ந்ததும் ராஜாமணி மெதுவாகச் சொன்னார். கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியில் வெளிமாநிலங்களுக்குப் போய்வந்தவர். அவர் இறந்தபிறகுதான் தனக்கும் இருப்பது இவருக்குத் தெரிந்தது. கவிதாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவளுக்கும் ரத்தம் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை. அப்புறம் ஒருமுறை மையத்து வாசலில் சொந்தக்காரர் ஒருவரைப் பார்த்துவிட்ட பயத்தில் மாத்திரைக்கே போகாமல் நான்கு மாதம் இருந்திருக்கிறார்.

"உடம்பு விழுந்துருச்சுண்ணே. செத்தாச் சாவோம், பிள்ளைக்குக் கெட்ட பேரு வராமச் செத்தாப் போதும்னு கெடந்தேன். அப்பத்தேன் ஒரு சீலைக்காரம்மா வந்தாக. எனக்குச் சீலை வேணாந்தாயின்னேன். 'சீலை வேணாம்னா போகுது, மகளப் படிக்க வைக்கணுமா வேணாமா?'ன்னாக. எந்திரிச்சு உக்காந்தேன்."

அவர் என்னை 'அண்ணே' என்று அழைத்தது அப்போதுதான் முதல்முறை. நான் அந்தச் சீலைக்காரம்மாவுக்கு மெமோ கொடுத்த கதையைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. எல்லாத் தகவலையும் வெளியிடத் தேவையில்லை.

மருத்துவமனையில் உறவினர் மொழிபெயர்க்கக் கூடாது என்பது விதி. நல்ல விதி. மொழிபெயர்க்கத் தொலைபேசியில் ஓர் இலங்கைத் தமிழம்மாள் வந்தார். "அம்மா, குளிசை எத்தனை மிச்சம் இருக்குது?" என்று கேட்டார். ராஜாமணி குழம்பிப்போய் என்னைப் பார்த்து, "காலையிலேயே குளிச்சுட்டேன்னு சொல்லுங்கண்ணே" என்றார். மாத்திரையைத்தான் கேட்கிறார் என்று சொன்னேன். கைப்பையிலிருந்த குப்பியை எடுத்து மேசைமேல் கவிழ்த்தார். ஐந்து.

படிவத்தில் அவசரத் தொடர்புக்கு ஒரு பெயர் கேட்டிருந்தார்கள். மகள் பெயர் வேண்டாம் என்றார். பாத்திமா பெயரைப் போடச் சொன்னார். உறவுமுறை என்ன என்று அடுத்த கட்டம். "தேடி வந்தவுகன்னு போடுங்க" என்றார். அதற்குக் கட்டத்தில் இடமில்லை. 'தோழி' என்று எழுதினேன். என் வாழ்நாளில் இவ்வளவு துல்லியமில்லாத ஒரு பதிவை நான் செய்ததில்லை.

டாக்டர் இளம்பெண். மதுரைக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். இத்தனை வருடப் பரிசோதனை முடிவுகளும் வரிசையாக இருக்கின்றனவே, இதை யார் பராமரிக்கிறார்கள் என்று கேட்டார். அரசு என்றேன். இலவசமாகவா என்றார். ஆமாம் என்றேன். நான் ஏதோ சொந்தக் கையால் செய்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததாக லில்லி பின்னால் சொன்னாள்; அவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்து பார்த்திருக்கிறாள். ஊர் திரும்பும்வரைக்கும் போதுமான மாத்திரையை அன்றே கொடுத்துவிட்டார்கள். ரத்தமும் எடுத்தார்கள். அடுத்த வாரம் முடிவு வந்தது: கிருமி பரிசோதனையில் தெரியாத அளவிலேயே இருக்கிறது.

6

முடிவு வந்த அன்று மாலை ராஜாமணி போன் செய்தார். புது மாத்திரைக் குப்பி இந்த நாட்டு வழக்கப்படி பெரிய எழுத்தில் மருந்தின் பெயர் ஒட்டி வந்திருந்தது. அதை எங்கே ஒளிப்பது என்று கேட்பார் என நினைத்தேன்.

"அண்ணே, அத அடுப்படி அலமாரியில எல்லாரும் பாக்க வச்சுட்டேன். இம்புட்டு வருசம் ஒளிச்சு ஒளிச்சுக் கடைசில குப்பையிலதான போச்சு. அவ கேட்டாச் சொல்லுவேன். கேக்கலைன்னா அவ இஷ்டம்."

"பாத்திமாகிட்டக் கேட்டீங்களா?"

"கேட்டேன். 'சொல்றதும் சொல்லாததும் உங்க உரிமை, சொல்லும்போது நான் லைன்ல இருக்கணுமா'ன்னு மட்டும் கேட்டாக. வேணாம்னுட்டேன். நாந்தான பெத்தேன்."

பத்து நாள் சத்தமில்லை. நான் போன் செய்யவில்லை. செய்யக் கூடாது என்று தெரியும். ஆனாலும் தினம் நான்கு தடவை கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன். பதினோராம் நாள், சனிக்கிழமை, நூலகத்துக்கே வந்துவிட்டார். மருமகன் வழக்கம்போலக் காய்கறிக்குப் போயிருந்தார்.

"கேட்டாளா?"

"கேட்டா. பேர வாசிச்சுட்டு, போன்ல தட்டிப் பாத்துட்டு வந்து கேட்டா. இருக்கத அப்படியே சொன்னேன்."

"என்ன சொன்னாள்?"

"கத்துனாண்ணே. 'பதினாறு வருசமா என்னைய என்னன்னு நெனச்ச? நான் என்ன வேத்தாளா?'ன்னு. அப்புறம் ரெண்டு நாளு எங்கூட ஒரு வார்த்த பேசல."

அதற்குள் எனக்கு முகம் வாடியிருக்க வேண்டும். அவர் என் கையை லேசாகத் தட்டினார்.

"நீங்க ஏண்ணே அப்பிடிப் பாக்குறீக? அவ காலேஜுல படிக்கையில இதப் பத்தி வகுப்பு எடுத்தாகளாம்ல. எப்பிடி வரும், எப்பிடி வராதுன்னு அம்புட்டும் எனக்கே ஒப்பிச்சா."

கல்லூரிகளில் நடந்த விழிப்புணர்வுக் கூட்டங்களின் அறிக்கைகள் மாதாமாதம் என் மேசைக்கு வரும். கூட்டம் நடந்தது, மாணவிகள் கலந்துகொண்டனர், தேநீர் வழங்கப்பட்டது. தேநீருக்காக நடக்கும் கூட்டம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்த வரிசைகளில் ஒன்றில் ஒரு பெண் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். அது தன் வீட்டு விஷயம் என்று தெரியாமலே கேட்டிருக்கிறாள்.

"ரெண்டு நாள் பேசலைன்னீங்களே, அப்ப குழந்தை?" என்று கேட்டேன். அதைத்தான் கேட்கப் பயந்துகொண்டிருந்தேன்.

ராஜாமணி சிரித்தார்.

"எங்கூடப் பேச மாட்டா. ஆனா குளிக்கப் போகையில, தூங்கப் போகையில, பிள்ளைய எங்கையிலதான் குடுத்துட்டுப் போவா. மூஞ்சியத் திருப்பிக்கிட்டே குடுப்பா. கோவந்தாண்ணே. பயமில்ல."